அமெரிக்காவிலிருந்து பழைய மோட்டார்ப் படகு வாங்க எண்ணும் நோர்வேத் தமிழர் கவனத்துக்கு

கோடைக்காலத்துக்கெனச் சொந்தப் படகு தேடும் நம்மவர்கள் பலர், அமெரிக்க விளம்பரங்களில் காணும் விலையைப் பார்த்து மயங்குகிறார்கள். எனக்கு நேர்ந்தது வேறொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

புளோரிடாவிலுள்ள ஒரு தரகர், 2008இல் கட்டப்பட்ட 24 அடிப் படகொன்றை எனக்கு விற்றார். அது நன்னீர் ஏரியில் மட்டுமே ஓடியது என்றும், ஐரோப்பாவுக்குத் தேவையான சி.ஈ. முத்திரை அதற்கு உண்டு என்றும், பழைய படகுக்கு இறக்குமதி வரி கிடையாது என்றும் எழுத்திலேயே உறுதியளித்து, படகுகளைச் சோதித்து நிலையை மதிப்பிடும் சர்வேயர் ஒருவரின் அறிக்கையையும் அனுப்பிவைத்தார். முழுப் பணமும் கைக்குப் போன பின்னரே படகு ஜாக்சன்வில் துறைமுகத்தில் கப்பலேறியது.

நோர்வேயின் டிராமன் துறைமுகத்தில் இறக்கியபோதே முதல் பொய் வெளிப்பட்டது. புதிதோ பழையதோ, படகின் விலையோடு கப்பற் கூலியையும் காப்புறுதியையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 25 சதவீத வாட் வரி கட்டியே ஆகவேண்டும். சுவீடனிலிருந்து கொண்டுவந்தாலும் இதே விதிதான்.

சி.ஈ. விடயம் இதைவிட மோசமானது. தரகர் படம்பிடித்து அனுப்பியிருந்த தகடு, அமெரிக்கப் படகுகள் பலவற்றில் காணப்படும் என்.எம்.எம்.ஏ. (அமெரிக்கப் படகுத் தயாரிப்பாளர் சங்கம்) தகடு, அது சி.ஈ. முத்திரை ஆகாது. ஐரோப்பியச் சந்தைக்கெனக் கட்டப்பட்ட படகின் உடல் எண் (படகின் உடலில் பொறிக்கப்பட்ட அடையாள எண்) நாட்டுக் குறியீட்டோடு தொடங்கி 14 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டிருக்கும். என் படகின் பின்பலகையில் இருந்தவையோ 12 மட்டுமே. 2.5 மீற்றரிலிருந்து 24 மீற்றர் வரை நீளமுள்ள படகொன்றை, நோர்வேயும் அடங்கிய ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து தனியாள் கொண்டுவந்தால், அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தைக் கொண்டு, கட்டிய பின்னான மதிப்பீட்டைத் தன் செலவிலேயே செய்விக்க வேண்டும். உடலின் உறுதி, மிதப்பு, எரிபொருள் குழாய்கள், இயந்திரத்தின் புகை, இரைச்சல் என எல்லாமே அதில் பார்க்கப்படும்.

அந்தச் சோதனைக்காக பியூஸ் பெட்டியைக் கழற்றியபோது, அதன் பின்சுவரில் பழுப்பு நிறச் சேற்றுக்கோடு ஒன்று அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் நேராக ஓடியிருந்தது. செப்புக் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. இருக்கையின் புதுத் துணிக்குள்ளே இருந்த பழைய பஞ்சை அழுத்தினால் நீர் கசிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உடல் எண்ணைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, படகின் வரலாற்றுப் பதிவை எடுத்தோம். 2022 செப்டெம்பரில் புளோரிடாவைத் தாக்கிய இயன் சூறாவளியில் மூழ்கி, முழுச் சேதம் எனக் காப்புறுதி நிறுவனம் கைகழுவி ஏலத்தில் விட்ட படகு அது என்பது தெரியவந்தது. சர்வேயர் எனப்பட்டவர் தரகரின் ஆள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அறிக்கையில் ஈரப்பதமானியின் அளவீடு ஒன்றுகூட இல்லை.

தரகர் இப்போது பதில் அனுப்புவதில்லை. ஆகவே பணம் அனுப்புமுன், உடல் எண்ணின் தெளிவான படத்தையும், படகு சி.ஈ. விதிகளுக்கு இணங்கியது எனத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட இணக்கப் பிரகடனத்தின் பிரதியையும் கேளுங்கள். சர்வேயரை நீங்களே தேடி, நீங்களே கூலி கொடுத்து அமர்த்துங்கள். இவற்றுக்கு விற்பவர் சாக்குச் சொன்னால், அந்தப் படகை விட்டுவிடுங்கள். யாரேனும் இப்போது பேரம் பேசிக்கொண்டிருந்தால் உடல் எண்ணை எனக்கு அனுப்பலாம். வரலாற்றுப் பதிவை எடுக்கும் வழியைக் காட்டித் தருகிறேன்.