புற்றுநோய் பற்றி இரண்டு புத்தகங்கள்: எதை முதலில் எடுக்கலாம்?

சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்', ரெபெக்கா ஸ்க்லூட்டின் 'தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியெட்டா லாக்ஸ்' இரண்டுமே 2010இல் வந்தவை. அறிவியல் புத்தகம் படித்தே பழக்கமில்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்லூட்டை எடுங்கள்.

1951இல் 31 வயதில் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் இன்றுவரை ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்கவும் அவை உதவின. குடும்பத்துக்கோ இருபது வருடங்களுக்கு மேல் எதுவும் தெரியாது. மகள் டெபோரா உறைந்த செல்கள் உள்ள சின்னக் குப்பியை வாங்கி, அம்மாவுக்குக் குளிருகிறதே என்று உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதுகிற இடம் வரும். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முகர்ஜியின் புத்தகம் தடிமன், பொறுமை வேண்டும். 2011இல் புலிட்சர் பரிசு பெற்றது. நாலாயிரம் வருடக் கதையை ஒரு புற்றுநோய் மருத்துவரே சொல்கிறார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு 1947இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கொடுத்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு உருவாக்கியது. நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அந்த அத்தியாயத்துக்காகவே வாங்கலாம். நடுவில் மருந்துச் சோதனைகள் பற்றிய பகுதி கொஞ்சம் இழுக்கும், வேகமாகப் புரட்டினாலும் பரவாயில்லை.

வீட்டில் யாராவது சிகிச்சையில் இருக்கிறார்களா? அப்படியென்றால் முகர்ஜியை இப்போது தொடாதீர்கள், அப்புறம் படிக்கலாம்.