வேம் போட்ட வாழைக்கு கார்பன்டாசிமா, சூடோமோனாஸா?

திருவையாறு படுகையில பூவன் கன்னு வச்சப்போ குழிக்கு வேம், அதான் வேர்ல குடியிருந்து செடிக்கு சத்து எடுத்துக் குடுக்கற வேர் உட்பூசணம், போடறதுன்னு முடிவாச்சு, அப்புறம் வாடல் நோய் வராம கன்னோட கெழங்க எதுல முக்கி எடுக்கறது, கார்பன்டாசிம்ங்கற பூஞ்சாணக்கொல்லியிலயா, சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியாவுலயான்னுதான் வீட்ல ஒரே பேச்சு. நான் சூடோமோனாஸ் பக்கம் போனவன், அதனால எழுதறதும் அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

கார்பன்டாசிம் சௌகரியம் எல்லாருக்கும் தெரிஞ்சது, எந்த கடையிலயும் கெடைக்கும், வருஷக்கணக்கா கை பழகின மருந்து. சூடோமோனாஸ் உயிருள்ள சரக்கு, தேதி பாத்து வாங்கணும், நெழல்ல வைக்கணும்.

ஆனா வேம் நடுவுல வந்துட்டா கணக்கே வேற. அதுவும் பூஞ்சாணம்தானே, மருந்துக்கு அது நம்ம ஆளுன்னு தெரியவா போகுது? அதுலயும் இந்த கார்பன்டாசிம் குடும்பம் அதுக்கு சுத்தமா ஆகாது. வேம் இல்லாம செடி எப்படி வளருதுன்னு பாக்க ஆராய்ச்சிக்காரங்க மண்ணுல பெனோமில்ங்கற அதே குடும்பத்து மருந்த ஊத்தி அத அடக்கியிருக்காங்க, அந்த பெனோமில் மண்ணுல மாறுறதே கார்பன்டாசிமாத்தான், அப்போ நாம காசு குடுத்து வாங்கிப் போட்ட வேம் என்ன ஆகும்? மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், மண்ணுல அவ்வளவா நகராது, வேம்தான் மெல்லிசு இழை விட்டு வேர் எட்டாத எடத்துலேந்து மணிச்சத்தையும் ஜிங்கையும் கொண்டாந்து குடுக்குது, அதுக்கு புதுசா விடற எளவேர்ல அது ஏறணும், நாம கெழங்க மருந்துல முக்கறதும் சரியா அந்த நேரத்துலதான். நோயை அடக்கப் போடற இன்னொரு நல்ல பூஞ்சாணம் விரிடி, அது செத்தாகூட எருவுல பெருக்கிப் போட்டுக்கலாம், வேமுக்கு அந்த வழியும் இல்ல, உயிர் வேர் இல்லாம அது பெருகாது, மக்காச்சோளம் மாதிரி பயிர்ல வளத்து அந்த வேரையும் மண்ணையும் சேத்துத்தான் பாக்கெட் போடறாங்க. சூடோமோனாஸ் பாக்டீரியா, ரெண்டும் ஒரே குழியில இருக்கும், சண்டையில்ல.

எல்லா மருந்தையும் ஒரே தட்டுல வைக்கவும் கூடாது. வெத்தல கொடிக்கால் அழுகலுக்கு போடற மெட்டலாக்சில் வேற இனத்த அடிக்கறது, வேமுக்கு பெருசா தொந்தரவு இல்ல. இலைப்புள்ளிக்கு எலையில அடிக்கறதும் வேர்ல ஊத்தற அளவுக்கு கெடுக்காது. மணிச்சத்து உரமான டிஏபிய அள்ளிக் கொட்டினாலும் வேம் சரியா ஏறாது, அந்தப் பழிய மருந்து மேல போடாதீங்க. தண்ணி நிக்கற சம்பா வயல்ல வேமே கொறச்சல்தான், நெல்லுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஒன்னு சொல்லிடறேன், பூவனுக்கு ரஸ்தாளி அளவுக்கு வாடல் வராது, என் கொல்லையில வாடல் வந்ததும் இல்ல, அதனால சூடோமோனாஸ் மட்டுமே வாடல தாங்கிப் புடிக்கும்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. ஏற்கனவே வாடல் வந்த மண்ணுல ரஸ்தாளி வைக்கறவங்க கார்பன்டாசிம் ஊத்தித்தான் ஆகணும்னா ஊத்துங்க, வேமை மட்டும் அன்னிக்கே போடாம, பின்னாடி மண் அணைக்கறப்போ எருவோட கலந்து வேர் ஓரமா வையுங்க.