ரிவர்ஸா, ஈலை மேனிங்கா: கோப்பையைத் தள்ளிவைத்துப் பார்த்தால்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-ல், புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2004 டிராஃப்டில் சான் டியாகோ சார்ஜர்ஸ் முதல் தேர்வாக எடுத்தது, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கை. அங்கே ஆட விருப்பமில்லை என்று அவர் தரப்பு முன்பே சொல்லியிருந்ததால், அன்றைக்கே நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கைமாறினார். பதிலுக்கு வந்தவர் 4-வது தேர்வான ஃபிலிப் ரிவர்ஸ், அவரும் குவார்ட்டர்பேக்தான். கூடவே சில டிராஃப்ட் தேர்வுகள். ஈலையிடம் 2 சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டக் கோப்பை. ரிவர்ஸ் அந்த மேடைக்குப் போனதே இல்லை.

ஆனால் கணக்கை எடுத்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2020 வரை ரிவர்ஸ்: 63,440 யார்டு, 421 டச்டவுன் பாஸ் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளியாகும் எறிதல்), 209 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்), 134 வெற்றி, 106 தோல்வி. ஈலை: 57,023 யார்டு, 366 டச்டவுன், 244 இன்டர்செப்ஷன், வெற்றி 117, தோல்வியும் 117.

ரிவர்ஸின் வீச்சு பார்க்க லட்சணமாக இருக்காது. பந்தைக் காதுக்கு மேல் தூக்காமல் தோளோரத்திலிருந்தே குண்டு எறிபவர் மாதிரி தள்ளிவிடுவார். கையைப் பின்னுக்கு இழுக்கும் நேரம் மிச்சம். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பிவிடும். 2018 நவம்பரில் அரிசோனாவுக்கு எதிராக 29 பாஸில் 28 சேர்ந்தன, அதில் 25 தொடர்ச்சியாக. எதிரணி நிற்பதைப் பார்த்தே, ஸ்னாப்புக்கு (பந்து அவர் கைக்கு வருவதற்கு) முன் பாதி முடிவை எடுத்துவிடுபவருக்குத்தான் இது வரும்.

குறை காலில். ஓடத் தெரியாது. பாதுகாப்பு வளையம் உடைந்தால் மற்றவர்கள் பக்கவாட்டில் நழுவுவார்கள். இவர் நின்ற இடத்திலிருந்தே எறிவார். பந்தோடு வீழ்த்தப்பட்டு சாக் வாங்கினால் போவது ஏழெட்டு யார்டு, பந்து கையில் இருக்கும். அந்தக் கசப்பு மருந்தை ரிவர்ஸ் கடைசிவரை விழுங்கவில்லை. பின்தங்கிய ஆட்டங்களில் வலிந்து எறிந்ததன் பலன், 2016-ல் லீக்கிலேயே அதிகமாக 21 இன்டர்செப்ஷன்.

ஈலையின் கை வீச்சு பாடப்புத்தகத்துக்குப் பக்கம். பின்னங்காலில் சாய்ந்து எறியும்போது மட்டும் பந்து உயரப் பறந்துவிடும். 2013-ல் 27 இன்டர்செப்ஷன் கொடுத்தார். இருந்தும் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியான நாலாவது குவார்ட்டரில் அவர் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. 2011 சீசனில் அந்தக் குவார்ட்டரில் மட்டும் 15 டச்டவுன் பாஸ். சீசனுக்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் வெற்றிகள் 8. எட்டும் 2007, 2011 என்ற இரண்டே சீசனில். மற்ற நான்கு முறையும் முதல் ஆட்டத்தோடு வீடு.

ரிவர்ஸின் பிளேஆஃப் கணக்கு 5 வெற்றி, 7 தோல்வி. எல்லாம் அவர் தலையில் விழ வேண்டியதில்லை. 14 வெற்றி, 2 தோல்வி என்று முடித்த 2006 சீசனின் பிளேஆஃபில், பேட்ரியாட்ஸுக்கு எதிராக 8 புள்ளி முன்னிலை. எதிரணியின் கடைசி வாய்ப்பான நாலாவது டவுனில், சார்ஜர்ஸின் மார்லன் மெக்ரீ பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் பிரேடியின் பாஸைப் பிடித்தார். அப்படியே தரையில் விழுந்திருந்தால் போதும். ஓடப்போய்ப் பந்தைப் பறிகொடுத்தார், 24-21 தோல்வி. அடுத்த ஆண்டு முழங்கால் தசைநார் கிழிந்து, ஒரு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை முடித்து அதே பேட்ரியாட்ஸுக்கு எதிராக ஆடினார். பிரேடி 3 இன்டர்செப்ஷன் கொடுத்தும் சார்ஜர்ஸ் அடித்தது 4 ஃபீல்ட் கோல்தான் (பந்தை உதைத்து எடுக்கும் தலா 3 புள்ளி), 21-12 தோல்வி. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலில் அந்தப் பேட்ரியாட்ஸை 17-14 என்று வீழ்த்தியவர் ஈலை. ஈலையின் கடைசித் தாக்குதலில் பேட்ரியாட்ஸின் அசான்டே சாமுவேலின் கைக்கெட்டிய பந்து நழுவியது. அடுத்த பாஸைத்தான் ஜயன்ட்ஸின் டேவிட் டைரீ ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்தார். அதிர்ஷ்டம் யார் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முழு சீசனுக்கு ஒருவரை எடு என்றால், தயங்காமல் ரிவர்ஸ்தான். ஆனாலும் 2009 சீசன் பிளேஆஃபில் ஜெட்ஸிடம் தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசும் ரிவர்ஸ் ரசிகர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். சார்ஜர்ஸின் உதைப்பாளர் நேட் கேடிங் 3 ஃபீல்ட் கோலைத் தவறவிட்டது உண்மை. ஈலையைக் கொடுத்து வாங்கிய டிராஃப்ட் தேர்வுகளில் ஒன்றில் வந்தவரே அந்தக் கேடிங் என்பது தனி வேடிக்கை. அதே நாளில் ரிவர்ஸ் 2 இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஒன்று நாலாவது குவார்ட்டரில், தன் கோல் கோட்டோரம் நின்று எறிந்தது. ஜெட்ஸ் அதை டச்டவுனாக்கியது. ஆட்டம் போனது 17-14 என்று, 3 புள்ளியில்.