கோஃபு 'சகுரா, சாமுராய் விழா' பேருந்துப் பயணம்: பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்

2023 ஏப்ரல் 8, சனிக்கிழமை, மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு, டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து யமனாஷி மாகாணத் தலைநகரான கோஃபுவுக்கு ஒரு பயண நிறுவனத்தின் ஒருநாள் பேருந்தில் சென்றேன். ஆளுக்கு 14,800 யென் வீதம் மூவருக்கும் 44,400 யென் கட்டியிருந்தேன். விளம்பரம் சொன்ன சகுரா என்னும் செர்ரிப் பூ, சாமுராய் விழா ஆகிய இரண்டில் ஒன்றுகூட அன்று கோஃபுவில் இல்லை.

விளம்பரத்தில் இருந்த விழாப் படம் பொய்யான படமன்று. தகேதா ஷிங்கென் என்னும் போர்த்தலைவரின் நினைவுநாளான ஏப்ரல் 12-ஐ ஒட்டி, அவருடைய படை போருக்குப் புறப்படுவதை நடித்துக் காட்டும் விழா கோஃபுவில் பல்லாண்டுகளாக வசந்தத்தில்தான் நடந்துவந்தது. 2012-இல் 1,061 பேர் கவசமணிந்து திரண்டு கின்னஸ் சாதனையும் படைத்தார்கள். ஆனால் கொரோனாவால் 2020-இலும் 2021-இலும் நின்றுபோன அந்த விழா, 2022-இல் மீண்டும் நடந்தபோது அக்டோபர் இறுதிக்கு மாறிவிட்டது. பழைய படத்தையும் பழைய மாதத்தையும் வைத்துக்கொண்டு ஏப்ரலில் இருக்கை விற்றவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்திருந்ததனால்தான், தலைப்பில் பெரிய எழுத்தில் 'சாமுராய் விழா' என்று போட்டவர்கள், பயணத் திட்டத்தின் உள்ளே 'சாமுராய் விழாவின் நகரமான கோஃபுவில் உலா' என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியைப் படித்தேன். ஆனால் அதன் சூது அன்றைக்கு உறைக்கவில்லை.

சகுரா விஷயத்தில் எனக்கே முன்கூட்டி ஐயம் வந்தது. அந்த ஆண்டு டோக்கியோவில் மலர்ச்சி மார்ச் 14 அன்றே அறிவிக்கப்பட்டிருந்தது. யாசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால் வானிலை முகமை அறிவித்துவிடும். அதிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் மரம் முழுதும் பூத்து, பிறகு கொட்டத் தொடங்கிவிடும். ஆகவே பயணத்துக்கு மூன்று நாள் முன்பு அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். "பூ இயற்கையின் கையில் இருக்கிறது, இப்போது ரத்து செய்தால் 30 சதவீதம் பிடித்துக்கொள்வோம்" என்றார்கள். அது ஒப்பந்த விதிப்படி சரியான தொகைதான். பூ இல்லாவிட்டாலும் விழா இருக்கிறதே என்று எண்ணிப் புறப்பட்டேன். விழா உண்டா என்று அந்த அழைப்பிலேயே கேட்காதது என் பிழை.

நெரிசலைக் கடந்து கோஃபு வந்து சேர்ந்த பேருந்து முதலில் நின்றது கோட்டையில் அல்ல, ஒரு நகைக்கடையில். கோஃபு படிகக்கல் வேலைக்கும் நகைத்தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர்தான். அதற்காகத் திட்டத்தில் '20 நிமிட ஓய்வு' என்றிருந்த இடத்தில் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைப்பது எந்த நியாயம்? கடை வாசலில் கவசமணிந்த ஒருவர் நின்றார், படம் எடுக்க 500 யென். தோள்காப்பு பிளாஸ்டிக்; கட்டியிருந்த சிவப்புக் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது; காலில் வெள்ளை ஓட்டக் காலணி. அன்று நாங்கள் கண்ட ஒரே சாமுராய் அவர்தான். அம்மா அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சித்திரைத் திருவிழாவுக்குன்னு சொல்லி ஐப்பசியில கூட்டிட்டு வந்த மாதிரி இருக்குப்பா" என்றார். தேதி மாறிய கதை அப்போது அவருக்குத் தெரியாது.

மாய்ஸுரு கோட்டைப் பூங்காவுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். மரங்களெல்லாம் இளந்தளிர் விட்டிருந்தன. கற்சுவரின் இடுக்குகளில் பழுப்பேறிய இதழ்கள் ஒட்டிக்கிடந்தன. சைவம் என்று எழுதி வாங்கிய மதிய உணவாகப் பூசணி போட்ட ஹோத்தோ நூடுல்ஸ் வந்தது. கேட்டபோதுதான் அதன் சாறு கருவாட்டில் காய்ச்சியது என்றார்கள். அப்பாவும் அம்மாவும் வெறுஞ்சோறும் ஊறுகாயும் உண்டார்கள்.

விழா எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டதற்கு, 'விழாவின் நகரம்' என்ற அந்த வரியை விரலால் தொட்டுக்காட்டினார். நிறுவனம் முதலில் அடுத்த பயணத்துக்கு 2,000 யென் தள்ளுபடிச் சீட்டு தருவதாக மடல் அனுப்பியது. நான் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து, அவர்கள் இணைத்துவிட்ட உள்ளூர் மையத்திடம் விளம்பரப் படத்தையும், பயணத் திட்டத்தையும், கடையில் நின்ற நேரம் தெரியும் புகைப்படங்களையும் கொடுத்த பிறகே, ஜூன் மாதம் பாதித் தொகையான 22,200 யென் திரும்பி வந்தது.

இவ்வாண்டும் அதே படத்தோடு அதே விளம்பரம் சுற்றுவதால்தான் இதை எழுதுகிறேன். விழாத் தேதியை விற்பவரிடம் கேட்காமல் நகரின் சுற்றுலா அலுவலகத்திடம் கேளுங்கள். அந்த நாளில் விழா உண்டு என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கோஃபு மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றால் பேருந்தே தேவையில்லை. ஷின்ஜுகுவிலிருந்து கைஜி விரைவு ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், நாலாயிரம் யென் அளவிலான ஒருவழிக் கட்டணத்தில் கொண்டுபோய்விடும். நிலையத்தின் தெற்கு வாசலில் ஷிங்கென் வெண்கலச் சிலையாக எந்த மாதமும் உட்கார்ந்திருக்கிறார்.