91, 95, 98: மூன்று பெட்ரோலும் மூன்று வகை இன்ஜினும்

ஆக்டேன் கூடினால் பவர் கூடும் என்று ஒரு கூட்டம், எல்லாம் காசு பிடுங்குகிற வேலை என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதும் சில கார்களுக்குச் சரி, சில கார்களுக்குத் தப்பு. ஒவ்வொரு பெட்ரோலும் எந்த இன்ஜினுக்குள் போகிறது என்று பார்த்தால்தான் இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு வரும்.

ஆக்டேன் எண் பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவு அது. அப்படித் தானாகப் பற்றி வெடிப்பதைத்தான் நாக்கிங் என்பார்கள். ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து 1920களில் உருவாக்கினார்கள். 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை தாங்குகிற அளவுக்கு இதுவும் தாங்கும், அவ்வளவுதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் 91-லும் 98-லும் ஏறத்தாழ ஒரே எரிசக்திதான் இருக்கிறது. எத்தனாலை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை: அது ஆக்டேனை ஏற்றும், ஆனால் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலில் ஆக்டேன் எண் ஏறி மைலேஜ் இறங்குவது சாதாரணமாக நடக்கக்கூடியது.

இன்னொன்று, இணையத்தில் படித்துவிட்டு ஒப்பிடுபவர்கள் எந்த எண்ணைப் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே நான் சொல்லும் 91, 95, 98 எல்லாம் ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) கணக்கு. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் போடுவது அதையும், இன்னும் கடுமையான சூட்டில் அளக்கும் எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) எண்ணையும் கூட்டிப் பாதியாக்கிய சராசரி. அங்கே 87 என்றால் தோராயமாக இங்கே 91. அங்கே 93 என்றால் ஏறக்குறைய 98. அமெரிக்கக்காரர் 87 போடுகிறார் என்று மலைக்க ஒன்றுமில்லை.

சரி, முதல் வகை: டர்போ இல்லாத சாதாரண இன்ஜின், கம்ப்ரஷன் ரேஷியோ (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) 10:1 பக்கம், மேனுவலில் 91 போதும் என்று எழுதியிருக்கும். இதில் 95 ஊற்றினாலும் 98 ஊற்றினாலும் பெரிதாக எதுவும் மாறாது. ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்ற டைமிங்கை 91-ஐ வைத்தே கம்பெனி அமைத்திருக்கிறது. நாக்கிங்கே வராத இடத்தில், நாக்கிங்கைத் தடுக்கும் சக்திக்கு என்ன வேலை? அமெரிக்காவின் கார் ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-ல் சாதாரண பெட்ரோலுக்கென்று வடிவமைத்த கார்களில் பிரீமியம், அதாவது ஆக்டேன் கூடிய பெட்ரோல், ஊற்றிச் சோதித்தபோது பவரிலும் சரி, மைலேஜிலும் சரி, புகையிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி எந்த ஆதாயமும் கிடைக்கவில்லை. பிரீமியம் போட்டதும் பிக்கப் ஏறிவிட்டது என்று இந்த வகைக் கார்க்காரர் யாராவது சொன்னால், செலவழித்த காசு பேசுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாம் வகை, டர்போ இல்லாமலே கம்ப்ரஷனை ஏற்றிய இன்ஜின். மாஸ்டா ஸ்கைஆக்டிவ் இதற்கு நல்ல உதாரணம்: 95 கிடைக்கும் ஐரோப்பாவுக்கு 14:1, 87 ஊற்றும் அமெரிக்காவுக்கு 13:1 என்று கம்ப்ரஷனையே மாற்றி விற்றார்கள். ஆக்டேனால் பவர் வருகிறது என்றால் இப்படித்தான் வருகிறது. பெட்ரோல் தாங்கும் என்ற தைரியத்தில் இன்ஜினை இறுக்கமாக வடிவமைக்க முடிகிறது. ஏற்கெனவே வடிவமைத்து முடித்த இன்ஜினுக்கு அந்தத் தைரியத்தை டேங்க் வழியாக ஊற்றிக் கொடுக்க முடியாது.

மூன்றாம் வகை டர்போ, இங்கேதான் பேச விஷயம் இருக்கிறது. டர்போ காற்றைத் திணிக்கிறது, சிலிண்டரில் அழுத்தமும் சூடும் எகிறுகிறது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேர்வதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கப் பார்க்கிறது. அதை நாக் சென்சார் கேட்டதும் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு டைமிங்கைப் பின்னால் தள்ளுகிறது, தேவைப்பட்டால் டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தையும் (பூஸ்ட்) குறைக்கிறது. நீங்கள் இழக்கும் பவர் அதுதான். மறுபடி மாஸ்டாவையே எடுத்துக்கொண்டால், அவர்களுடைய 2.5 லிட்டர் டர்போ அமெரிக்காவில் முதலில் வந்தபோது (அமெரிக்கக் கணக்கில்) 93 ஊற்றினால் 250 குதிரைத்திறன், 87 ஊற்றினால் 227. டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) மட்டும் இரண்டிலும் ஒன்றே. அதாவது அன்றாட ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது, ஆர்.பி.எம். ஏறி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, வெயிலில் மேடு ஏறும்போது தெரியும்.

எல்லா டர்போவும் இவ்வளவு கொடுக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பிரீமியம் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருந்த கார்களை அதே ஏ.ஏ.ஏ. 2017-ல் சோதித்தபோது சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம், பவர் 1.4 சதவீதம்தான் கூடியது. பெட்ரோல் விலை வித்தியாசம் அதைவிட அதிகமென்றால் மைலேஜ் கணக்கில் அது நஷ்டம். நானாக இருந்தால் அந்தக் காருக்கு தினசரி ஓட்டத்தில் குறைந்ததையும், முழு லோடோடு மலை ஏறும் பயணத்தில் உயர்ந்ததையும் ஊற்றுவேன்.

மேனுவலில் பரிந்துரை என்று இல்லாமல் 'கட்டாயம்' என்று இருந்தால் பேச்சே இல்லை, அந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. சென்சார் காப்பாற்றும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கடும் நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனே உடையும். சென்சாரே இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில் அந்தக் காவலும் கிடையாது, டிக் டிக் என்று தட்டும் சத்தம்தான் எச்சரிக்கை.

பிரீமியத்தில் இன்ஜினைச் சுத்தம் செய்யும் சேர்மானம் அதிகம் என்பார்கள். சில பிராண்டுகளில் உண்மைதான், ஆனால் அதற்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமில்லை. ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: '10 பாயிண்ட் ஏற்றும்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு பாயிண்ட் என்பது 0.1 ஆக்டேன்தான்; 91 என்பது 92 ஆகும், 101 ஆகாது.

டர்போ காரில் தவறுதலாகக் குறைந்த ஆக்டேன் நிரப்பிவிட்டால் டேங்கை இறக்க ஓட வேண்டாம். மெதுவாக ஓட்டி, பாதி காலியானதும் உயர்ந்ததை நிரப்புங்கள். 91-ம் 98-ம் சரிபாதி கலந்தால் தோராயமாக 94.5 வரும்.