‘1960 மெட்ராஸ் கவுன்’ என்று சொல்லி என்னிடம் விற்றது: வாங்கப்போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

ஒரு பருத்திக் கவுனுக்கு 165 டாலர் கொடுத்து ஏமாந்தேன். நடந்து நாலு மாதம் ஆகிறது. அதே கவுனை, அதே படத்தோடு, வேறு வருஷம் போட்டு மறுபடி விற்பனைக்கு வைத்திருப்பதை நேற்று பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூஜெர்சியில். ஆறேழு வருஷமாக ஆபீஸுக்கும் கடைக்கும் 1940, 50களின் பாணிக் கவுன்களைத்தான் போடுகிறேன். பெரும்பாலும் புதிதாகத் தைத்தவை. அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதற்கான விலைதான் வாங்குகிறார்கள். என்னிடம் மூன்றே மூன்று மட்டும் அந்தக் காலத்திலேயே தைத்தவை. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் உடுத்துவேன்.

அந்தக் காலத்துப் பகல்நேரக் கவுன்கள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணம், அவை வேலை செய்கிற பெண்களுக்காகத் தைத்தவை. 1942-ல் அமெரிக்காவில் போரை முன்னிட்டு துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. பாவாடை எவ்வளவு அகலம் இருக்கலாம், கீழ் மடிப்பு எவ்வளவு விடலாம் என்பதற்கெல்லாம் அரசாங்கம் அளவு வைத்தது. அதே வருஷம்தான் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல், மேலே சுற்றிக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்க்கும்படி ஒரு கவுனை வடிவமைத்தார். விலை 6.95 டாலர், சூடான பாத்திரம் பிடிக்கிற கையுறை ஒன்றும் அதோடு சேர்ந்தே வந்தது. 1947-ல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் தியோர் மீட்டர் மீட்டராகத் துணி வைத்து விரிந்த பாவாடைகளைக் காட்டிய பிறகு, பகல்நேரக் கவுன்களும் விரிய ஆரம்பித்தன. சட்டைக் காலர், இடுப்பு வரை பொத்தான், பெல்ட், கீழே விரிந்த பாவாடை என்று 50கள் முழுக்க எங்கும் தெரிந்த ஷர்ட்வெயிஸ்ட் கவுன் என் கண்ணுக்கு இன்றும் அழகு.

நான் வாங்கியதும் ஷர்ட்வெயிஸ்ட்தான், மெட்ராஸ் கட்டம் போட்டது. என் தாத்தா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். நூலுக்குச் சாயம் தோய்த்து, பாவிலும் ஊடையிலும் நிறங்களை மாற்றி மாற்றிக் கொடுத்து நெய்கிற அந்தக் கட்டத் துணி, சாயம் போகிற மெட்ராஸ் என்ற பெயரில் 1960களில் அமெரிக்காவில் பெரிய மோகமாக இருந்தது. நம் ஊரில் சாயம் போனால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம். இங்கே சாயம் போவதையே உத்தரவாதமாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, கட்டத்தின் ஓரங்கள் மங்கி, துணி மெத்தென்று ஆகும். அப்படி ஒரு கவுனை எத்தனையோ நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆன்லைனில் ‘வின்டேஜ்’, அதாவது பழைய காலத்துத் துணி, விற்கிற ஒருவர் போட்டிருந்தார். ‘ஒரிஜினல், 1960 வாக்கில், கைத்தறி மெட்ராஸ், ஒருமுறைகூடத் துவைக்காதது’ என்று இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு தொழிற்சங்க லேபிளின் ஓரம் படத்தில் தெரிந்தது. அந்தக் கால அமெரிக்க ரெடிமேட் கவுன்களில் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபிள் இருப்பது வழக்கம். அதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்தையே படம் பிடித்து அனுப்பினேன். “அக்கா, தாத்தா வீட்டுப் பரண்ல கெடந்த கைலி மாதிரியே இருக்கு, வாங்கிரு” என்றாள். வாங்கிவிட்டேன்.

பார்சல் வந்த அன்றைக்கு ஆசையில் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் தனியாக ஊறப் போட்டேன். சாயம் இறங்கும், வெள்ளை பேசினில் நிறம் தெரியும், அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் குழாயில் பிடித்தபடியே இருந்தது.

அப்போதுதான் கவுனை உள்பக்கம் திருப்பினேன். உள்ளே கட்டங்கள் வெளிறிக் கிடந்தன, சில இடத்தில் வெறும் வெள்ளை. நூலில் சாயம் தோய்த்து நெய்த துணிக்கு உள், வெளி என்ற வித்தியாசமே கிடையாது. கைலியைத் திருப்பிக் கட்டினாலும் யாருக்கும் தெரியாது, இல்லையா? இது வெள்ளைத் துணியின் மேல் அச்சடித்த கட்டம். தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிர்ந்திருக்கும். இது உருகிச் சுருண்டு, நுனியில் கடுகு அளவுக்குக் கெட்டியான ஒரு மணியாக நின்றது. பாலியெஸ்டர் கலந்த துணி.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பக்கப் பொத்தான்கள் திறக்கவே திறக்காது; மேலே வைத்துத் தைத்தவை. போட்டுக் கழற்றுவதற்கு முதுகில் நைலான் ஜிப். அந்தக் கால ஷர்ட்வெயிஸ்டில் பொத்தான்கள் நிஜமாகவே திறக்கும்; இடுப்புக்குக் கீழேயும் திறக்க வேண்டியிருந்தால் பக்கவாட்டில் உலோக ஜிப்போ கொக்கியோ இருக்கும். ஜிப்பை மட்டும் வைத்து ஒரு கவுனைப் போலி என்று சொல்ல மாட்டேன், பழுதாகி யாராவது மாற்றியிருக்கலாம். ஆனால் திறக்காத பொத்தானை யாரும் பிற்பாடு வந்து தைக்க மாட்டார்கள். கீழ் மடிப்பு அரை அங்குலம்கூட இல்லை. என்னிடம் உள்ள 50களின் கவுன்களில் இரண்டரை அங்குல மடிப்பு உண்டு. இடது பக்கத் தையலில், வெட்டி எடுத்த லேபிளின் வெள்ளை வேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. துவைக்கிற முறையைத் துணியிலேயே லேபிளாகத் தைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த லேபிள் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தேதான் கத்தரித்திருக்கிறார்கள்.

எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது கழுத்து லேபிளைப் பார்த்தபோது. படத்தில் ஓரம் மட்டும் தெரியும்படி மடித்து வைத்திருந்தார்கள். விரித்துப் பார்த்தால் சிவப்பு, வெள்ளை, நீலம். சங்க லேபிளுக்கு அந்த மூன்று நிறம் வந்தது 1974-ல். 1960 கவுனில் அது எப்படி வரும்? லேபிளின் நாலு மூலையிலும் பழைய ஊசித் துளைகள் இருந்தன, புது நூல் அந்தத் துளைகளில் போகாமல் பக்கத்தில் போயிருந்தது. வேறு எந்த உடுப்பிலிருந்தோ பிரித்து எடுத்து இதில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். எந்தத் தொழிலாளியின் சட்டையோ கோட்டோ, அதைப் பிய்த்து இந்தப் பொய்க்குச் சாட்சியாக்கியிருக்கிறார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று ராத்திரியே விற்றவருக்கு எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள், ‘வின்டேஜ் என்றால் அந்தப் பாணி என்றுதான் அர்த்தம், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்று வந்தது. போய்ப் பார்த்தால் விற்பனைப் பக்கத்தில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லே காணவில்லை, ‘1960 பாணி’ என்று மாற்றியிருந்தார்கள். சரி, பழைய வாசகம் என்னிடம் படமாக இருக்கிறது என்று அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது. ‘நீங்கள் துணியை நனைத்துவிட்டீர்கள், நனைத்ததைத் திருப்பி வாங்க மாட்டோம்.’ அங்கேதான் நான் தப்புச் செய்துவிட்டேன். நனைப்பதற்கு முன்னால் உள்பக்கம் திருப்பியிருந்தால் இந்தச் சாக்கே அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

கடைசியில் கிரெடிட் கார்டு கம்பெனிக்கு எழுதினேன். இங்கே பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், நான் 20-ம் நாளே கொடுத்தேன். தங்கச்சிக்கு அனுப்பிய அந்த வாட்ஸ்அப் படம்தான் கை கொடுத்தது, அதில் தேதியோடு பழைய வாசகம் அப்படியே இருந்தது. ஏழு வாரம் கழித்து பாதிப் பணம் வந்தது. மீதிக்கு, துணி நனைந்த காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். கவுன் என்னிடம்தான் இருக்கிறது, பீரோவின் அடித்தட்டில்.

அப்படியானால் நேற்று நான் பார்த்தது? ஒரே மாதிரி பல கவுன்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே படத்தைப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள். இந்த முறை ‘1957’ என்று போட்டிருக்கிறார்கள், விலை 180.

நீல, சிவப்பு, மஞ்சள் கட்டம், வெள்ளைக் காலர், கட்டத் துணியிலேயே பெல்ட். கழுத்து லேபிள் மடிந்த மாதிரி ஒரு படம். இதைப் பார்த்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று படம் கேளுங்கள்: லேபிளை முழுசாக விரித்து ஒன்று, முன்பொத்தானைத் திறந்து வைத்து ஒன்று, பாவாடையை உள்பக்கம் திருப்பி ஒன்று. விற்பனைப் பக்கத்தை அன்றைக்கே படம் பிடித்து யாருக்காவது அனுப்பி வையுங்கள். பார்சல் வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள், தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.