தண்ணி நிரம்பிடுச்சு, எழுந்து வா

இங்கே சிங்கப்பூரில், ஈசூன் பக்கம் இருக்கும் நண்பர், அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூத்திருந்த கரும்பூசணத்தைப் படமெடுத்து அனுப்பி, "நீங்க டீஹியூமிடிஃபையர் வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் அந்த மெஷினை அன்றுதான் ரிப்பேர் கடையிலிருந்து 95 வெள்ளி அழுதுவிட்டுத் தூக்கி வந்திருந்தேன்.

மூன்று வருடமாக ஓடுகிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தீபாவளிக்கு பீரோவைத் திறந்தால் ஓத வாடை முகத்தில் அடிக்கும், அம்மாவின் கூறைப் புடவை மடிப்பில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். இப்போது ஒரு புள்ளி இல்லை. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். அறையைச் சாத்திவிட்டு இதை ஓட்டினால் 60-க்குக் கீழே இறங்கிவிடுகிறது, அந்த அளவில் பூசணம் சுலபத்தில் பிடிக்காது. ஒருநாள் முறுக்கு டப்பாவை அந்த அறையில் திறந்தபடியே மறந்துவிட்டேன். மறுநாளும் நமத்துப் போகவில்லை. சிங்கப்பூரில்!

ஆனால் உறிஞ்சிய தண்ணீர் சேரும் அந்தத் தொட்டி இருக்கிறதே. 2 லிட்டர்தான் பிடிக்கும். டிசம்பர் மழையில் இரவு பத்து மணிக்குப் போட்டால் மூன்று மணிக்கு நிரம்பி, பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். சத்தத்தை நிறுத்தப் பொத்தான் கிடையாது, எழுந்து போய்த் தொட்டியை உருவினால்தான் வாய் மூடும், உருவும்போது காலில் கொஞ்சம் கொட்டும். குழாய் மாட்டப் பின்னால் துளை உண்டு, சரி, தண்ணீர் தானாக வழிய உயரம் வேண்டுமே என்று ஸ்டூலில் ஏற்றி வைத்தேன், ராத்திரி முழுக்க ஸ்டூலும் சேர்ந்து தடதடத்தது. இப்போது பழுதானதும் தொட்டிக்குள் இருக்கும் மிதவைதான். சுண்டுவிரல் பருமனில் ஒரு வெள்ளைத் துண்டு, அடியில் வழவழவென்று பாசி, அதனால் மேலேயே ஒட்டிக்கொண்டு காலித் தொட்டிக்கே கத்தியிருக்கிறது. அதைத் துடைத்து மாட்ட 95 வெள்ளியா?

அப்புறம் சூடு. ஏர்கான் வெப்பத்தை வெளியே தள்ளும், இது அறைக்குள்ளேயே கக்கும். பக்கத்தில் படுக்க முடியாது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. அவர் வீட்டுக் கதை வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் மகன் ஏர்கானை 18-இல் வைத்துத் தூங்குகிறான். நம் ஊர்க் காற்று 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அநேகமாக வியர்க்கும், ஐஸ் மைலோ கிளாஸ் மாதிரி. அந்தச் சுவரை ஒட்டி அலமாரி, காற்று புக வழியில்லை. ஏர்கானை 25-க்கு ஏற்றி, அலமாரியை ஒரு சாண் முன்னே இழுத்து, இருப்பதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி தீரும். காய்ந்த பிரஷால் தேய்த்தால் வீடெல்லாம் பறக்கும். பிளீச் போடுவதென்றால் வினிகரோடு கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும்.

"அவ்வளவு கடுப்புன்னா உங்களோடதை வித்துடுங்களேன், நான் எடுத்துக்கிறேன்" என்கிறார். 80 வெள்ளிக்குத் தரலாம்தான். மழை சீசன் முடியட்டும், பார்க்கலாம்.